வொர்லி பார்த்த குச்சிகள்

தாராவியில் எங்கள் தகரக் கூரைமேல் ஆன்டெனா திருப்புவது அப்போது பெரியண்ணனின் வேலையாக இருந்தது. கீழே சட்டம் ஓடும் ஆணி வரிசை பார்த்துப் பூனைபோலக் கால் வைப்பார். தூர்தர்ஷன் கோபுரம் தென்மேற்கே, வொர்லியில். அலுமினியக் குச்சிகளை அந்தப் பக்கம் காட்டினால் மட்டும் போதாது. நடுவில் நிற்கும் கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலை, ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு நிழல் முகம் ஒட்டிவிடும். குழாயை ஒரு நூல் திருகுவார். “தெரியுதாலே?” “ரெட்டையா இருக்குண்ணே!” இன்னும் ஒரு நூல். உஸ்ஸென்ற இரைச்சல் அடங்கி, செய்தி வாசிக்கும் அம்மாளின் இரண்டு மூக்கும் ஒன்றாகும். மூச்சுவிடாமல் கட்டுக்கம்பியை முறுக்குவார். இறங்கியதும் காக்கை வந்து உட்காரும். அதற்கும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் கட்டியிருப்பாரோ என்னவோ, படம் அசையாது.