மனவடுவும் சமூகமும்

உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தின் போர்க்கால அனுபவத்தை ஆராய்ந்து ஆங்கிலத்தில் எழுதிய நூல்களுள் இரண்டு முக்கியமானவை. 1998இல் வெளிவந்த நூலின் தலைப்பை ‘வடுப்பட்ட மனங்கள்’ என்று தமிழில் சொல்லலாம். 2014இல் வந்ததன் தலைப்பு ‘வடுப்பட்ட சமுதாயங்கள்’. மனம் இருந்த இடத்தில் சமுதாயம் வந்து அமர்வதற்குப் பதினாறு ஆண்டுகள் சென்றிருக்கின்றன. உளவியற் சிகிச்சை யாரைத் தன் நோயாளியாகக் கொள்ள வேண்டும் என்பதுபற்றி உலகெங்கும் நடந்துவரும் வாதத்தில் யாழ்ப்பாணம் சொன்ன விடை இச்சொல் மாற்றத்தில் அடங்கியிருக்கிறது. அவ்விடையை நாம் ஏற்றுக்கொள்கிறோம். ஆயின், அது பாதிவழியில் நின்றுவிட்டது என்றும் கருதுகிறோம்.

வாதம் எங்கே தொடங்கியது என்பதைப் பார்ப்போம். அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1980இல் வெளியிட்ட நோய்ப் பட்டியலின் மூன்றாம் பதிப்பிலேதான், கொடிய அனுபவத்துக்குப் பின் மனத்தைப் பற்றும் ‘மனவடு நோய்’ தனியொரு நோயாக இடம்பெற்றது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரரின் துயரமும் அவர்களுக்காக எழுந்த கிளர்ச்சியும் அதன் பின்னணியில் இருந்தன. அந்த வீரனுக்குப் போர் வேறொரு நாட்டில் நடந்து முடிந்த சங்கதி. அவன் வீடு திரும்பியவன். யாழ்ப்பாணத்தவனுக்கோ திரும்புவதற்கு வேறு வீடில்லை. 1987 ஒக்ரோபர் 21, தீபாவளி நாளன்று, இந்திய அமைதிப்படையினர் யாழ்ப்பாண வைத்தியசாலையினுள் புகுந்து நோயாளரையும் மருத்துவரையும் தாதியரையும் சுட்டுக்கொன்றனர். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நடந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக வந்த இத்துயரங்களிலே ‘பின்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்? பிரித்தானிய உளமருத்துவர் டெரெக் சமர்பீல்ட் 1999இல் எழுதிய கட்டுரையொன்றில் இக்கேள்வியைக் கூர்மையாகவே எழுப்பினார். போரால் வருந்தும் மக்களின் துன்பத்தை நோயாக்கி, அவர்கள் கேட்டிராத சிகிச்சையை அவர்கள்மேல் சுமத்துகிறார்கள் என்பது அவரது குற்றச்சாட்டு.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைக் கரைகளில் வந்திறங்கிய உளவளத்துணைக் குழுக்களை நினைவிலுள்ளோர் இக்குற்றச்சாட்டை மறுக்கமாட்டார்கள். ‘நெஞ்சு எரியுது’ என்றும், ‘தலையிடி விட்டபாடில்லை’ என்றும், ஒரு பெருமூச்சாலும் தன் துயரைச் சொல்லும் பெண்ணுக்கு அவர்களுடைய வினாப்படிவத்தில் கட்டம் இருக்கவில்லை. படிவம் நிரம்பியது, பெண் வீடு சென்றாள்.

ஆனால், இந்த ஏளனத்தோடு நின்றுவிடுவது பொறுப்பற்ற செயலாகும். நம் முற்போக்கு நண்பர்கள் சிலர், உளநோய் என்பதே சமூகக் கொடுமையின் மறுபெயர் என்று சொல்லிக் கடமை முடித்துக்கொள்கிறார்கள். மனப்பிளவு நோயால் துடிக்கும் இளைஞனுக்குச் சமூக விமர்சனம் மருந்தாகாது. போர் முடிந்த 2009இல் யாழ் மாவட்டத்தில் நடந்து, 2011இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் ஏட்டில் வெளிவந்த கள ஆய்வொன்றைப் பார்க்கலாம். மனவடு நோயின் அறிகுறிகள் 7.0 சதவீதத்தினரிடமே காணப்பட்டன. மனச்சோர்வு 22.2 சதவீதம், பதகளிப்பு 32.6 சதவீதம். எந்த நோயைத் தேடி உலகம் வந்ததோ, அது இருந்தது. அதைவிடப் பெரியவை வேறாக இருந்தன. முகாம்களில் இன்னமும் அடைபட்டிருந்தோரிடம் இந்நோய்கள் கூடுதலாக இருந்தன என்பதும் அவ்வாய்வின் முடிபு. நாளைய உணவும் இருப்பிடமும் நிச்சயமற்றவனின் பதகளிப்பைக் கடந்தகாலத்தில் மட்டும் தேடுவது விந்தையானது.

சிகிச்சை முறைகளைப் பற்றிய வாதமும் இவ்வாறே. வடகிழக்கில் ஆழிப்பேரலைக்குப்பின் அகதி முகாமொன்றில் 31 சிறுவரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைத் தம் துயரக் கதையை முழுதாகச் சொல்லவைத்தும், மறு பிரிவினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் அளித்தும் பார்த்தார்கள். 2009இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்தின்பின் முதற் பிரிவில் 81 சதவீதத்தினரும் மறு பிரிவில் 71 சதவீதத்தினரும் தேறியிருந்தனர். இத்தனை சிறிய தொகையில் இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. எந்த முறை உயர்ந்தது என்று மாநாடுகளில் அடித்துக்கொள்ளும் நிபுணர், இரு பிரிவுக்கும் பொதுவாயிருந்தது எது என்று கேட்டிருக்கலாம். பயிற்சி பெற்ற ஒருவர் அச்சிறுவரோடு பொறுமையாக உட்கார்ந்தார்.

சோமசுந்தரத்தின் பெருமை இங்கேதான் விளங்குகிறது. 2007இல் அவர் வெளியிட்ட ‘கூட்டு மனவடு’ பற்றிய ஆய்வு, ஊரை இழந்தவனின் நோயை ஊரை விட்டுவிட்டு ஆராய முடியாது என்று காட்டிற்று. அயலவனை நம்பாமை, வாய்திறவாமை, பிறர் கையை எதிர்பார்த்தல் ஆகியவற்றைத் தனிமனிதக் குணங்களாகவன்றிச் சமூகத்தின் காயங்களாக அவர் கண்டார். ஆசிரியரும் கிராமத் தொண்டரும் பயிற்றப்பட வேண்டும். அவரவர் சமயம் சார்ந்த சொல்லே தளர்வுப் பயிற்சிக்கு உதவ வேண்டும் என்றார். போர் மும்முரமாயிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் தற்கொலை குறைந்தது என்று 1995இல் அவரும் இன்னொருவரும் எழுதிய கட்டுரை, மனத்தின் நிலை மண்டையோட்டுக்குள் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை என்பதற்கு வலுவான சான்று. போரும் தற்கொலையும் பற்றி டர்க்கைம் 1897இல் சொன்னது இம்மண்ணிலும் மெய்யாயிற்று.

நமது ஐயம் ‘கூட்டு’ என்ற சொல்லைப் பற்றியது. எந்த ஊர்? யாருடைய ஊர்? 1995 ஒக்ரோபர் 30க்குச் சரியாக ஐந்து ஆண்டுகளின் முன், அதே நாளில், யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் இரண்டு மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். ஒரு நாளின் இரு வடுக்களுள் ஒன்றையே ‘நமது’ என்று நினைவுகூர்கிறோம். சாதியும் அப்படியே. 1968இல் மாவிட்டபுரம் ஆலய வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்டவர்களுக்கும், தடுத்தவர்களுக்கும் ஊர் என்பது ஒரே பொருளைத் தந்திருக்க முடியாது. இழந்த ஊரை எண்ணி ஏங்குவது நோயாளியின் உரிமை. அவ்வூரை ஒற்றுமையின் சின்னமாக வரைவது ஆய்வின் பிழை. இப்பிழை ஆசிரியருடையது என்பதிலும், அவர் சொல்லை எடுத்து மேடைகளில் கையாண்டவர்களுடையது என்றே சொல்ல வேண்டும்.

இனி இத்துறை எப்பக்கம் செல்லும்? காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்கள் இதற்கு உரைகல். பொட்டை அழிப்பதா வைத்திருப்பதா என்று அறியாத மனைவியிடம் ‘ஏற்றுக்கொள்ளப் பழகுங்கள்’ என்று சொல்லும் உளவளத்துணையாளர், அறிந்தோ அறியாமலோ ஒரு கட்சியில் நின்றுவிடுகிறார். வியட்நாமில் காணாமற்போன அமெரிக்க விமானிகளின் மனைவியரை ஆராய்ந்த போலின் பாஸ், இதைத் ‘தெளிவற்ற இழப்பு’ என்றார். கோளாறு அப்பெண்ணிடம் இல்லை, அவளுடைய நிலைமையில் இருக்கிறது என்பது அவர் துணிபு. மரணச் சான்றிதழை ஏற்க மறுத்த தாய்மாருக்கு, ‘காணவில்லை’ என்றே சான்றிதழ் தர 2016இல் இலங்கைச் சட்டம் இடமளித்தது. சட்டம் இணங்கியதற்குச் சிகிச்சை அறை இன்னும் முழுதாக இணங்கவில்லை.

நோயாளியின் வரலாற்றை எழுதும் தாளிலே குடும்பத்தில் யாருக்கு மனநோய் இருந்தது என்று கேட்கிறார்கள், கேட்க வேண்டியதே. நுண்கடன் எவ்வளவு, காணி உண்டா, எந்த ஆண்டு எங்கிருந்து பெயர்ந்தீர், வீட்டில் குடிப்பவர் யார் என்ற கேள்விகளும் அத்தாளில் ஏறட்டும். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவு இருப்பது வலிகாமம் வடக்கில். 1990இல் அப்பகுதியிலிருந்து பெயர்ந்து, கால்நூற்றாண்டுக்கு மேலாகச் சுன்னாகத்திலும் மல்லாகத்திலும் முகாம்களில் கிடந்தவர்களுள் பெரும்பாலோர் காணியற்றோர். ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர். காணி உடையோர் வேறிடம் தேடிக்கொண்டனர். சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை மூன்றும் ஒரே காங்கேசன்துறை வீதியில் இருக்கின்றன.