வெட்டு ஒண்ணு, துண்டு ஆயிரம்

ஜிக்சா புதிர்களுக்கு இணையத்தில் எழுதப்படும் விமர்சனங்களைக் கொஞ்ச நாளாகத் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் ஒரே அச்சுதான். அட்டை தடிமனா இருக்கு, துண்டுகள் நல்லா கவ்விப் பிடிக்குது, தூசி இல்லை, விளக்கு வெளிச்சத்தில் பளபளத்துக் கண்ணைக் கூசவில்லை, ஒரு துண்டும் தொலையவில்லை, படம் அழகு, ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். வாங்கப்போகிறவருக்கு இதெல்லாம் தெரியவேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாவலுக்கு விமர்சனம் எழுதச் சொன்னால், தாள் வெள்ளையா இருக்கு, பைண்டிங் உறுதி, அட்டைப்படம் ஜோர் என்று எழுதித் தருவது மாதிரி இருக்கிறது இது. பத்து நாள் அந்த மேஜையில் உட்கார்ந்தீர்களே, அங்கே என்ன நடந்தது? அதைச் சொல்ல ஆளில்லை.

இன்னொரு வகை விமர்சனம் இதைவிட மோசம். மன அழுத்தம் குறையும், ஞாபகசக்தி கூடும் என்று ஜிக்சாவைச் சத்துமாவு மாதிரி விற்பது. அதை இங்கே தொடப்போவதில்லை.

என் கேள்வி எளிமையானது. புதிரில் எதை விமர்சிப்பது? படத்தையா, வெட்டையா?

ஆரம்பத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடச் செதுக்குநர் 1760களில் வரைபடங்களை மகோகனிப் பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின் மேலேயே ரம்பத்தை ஓட்டித் துண்டுபோட்டு விற்றார். பெயர் 'துண்டாக்கப்பட்ட வரைபடங்கள்'. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் புவியியல் படிப்பதற்கு. அதில் பிரான்ஸ் ஒரு துண்டு, ஸ்பெயின் ஒரு துண்டு. வெட்டுக்கோடும் படக்கோடும் ஒன்றேதான். ஒரு துண்டைக் கையில் எடுத்தால் ஒரு ராஜ்யத்தையே எடுக்கிறீர்கள். நம் ஊரில் குழந்தைகளுக்கு விற்கும் இந்திய வரைபடப் பலகை அதன் நேர் வாரிசு. 2014க்கு முன்னால் வாங்கிய பலகை வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், ஆந்திரா பெரிய ஒரே துண்டாக இருக்கும். எல்லை மாறியதும் பலகையை வேறு மாதிரி வெட்டவேண்டி வந்தது. அங்கே வெட்டுக்கு அர்த்தம் இருக்கிறது.

ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் துண்டுகள் பரவலானது வெகு காலம் கழித்து. ஜிக்சா என்ற பெயரே ரம்பத்தின் பெயர்தான் (நம் தச்சுப் பட்டறைகளில் இன்றைக்கும் ஜிக்சா மிஷின் என்றால் மரம் அறுக்கும் கருவி). அமெரிக்காவில் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 1908 வாக்கில் மரப்புதிர்களில் இறங்கியபோது, வெட்டும் பெண் தொழிலாளர்கள் இடையிடையே பறவை, நாய், எழுத்து என்று உருவத்துண்டுகளையும் அறுத்துப் போட்டார்கள். அப்போது 500 துண்டுப் புதிர் ஒன்று 5 டாலர், சராசரி மாதச் சம்பளமே 50 டாலர் என்பார்கள். சாமானியர் கைக்கு எட்டாத சரக்கு.

அந்த மரப்புதிர் மரபின் உச்சம் என்று நான் நினைப்பது நியூயார்க்கில் 1932ல் ஃப்ராங்க் வேரும் ஜான் ஹென்ரிக்ஸும் தொடங்கிய 'பார்' புதிர்கள். பெட்டியில் படம் கிடையாது. தலைப்பு மட்டும் இருக்கும், அதுவும் வேண்டுமென்றே திசைதிருப்புகிற தலைப்பு. ஓரம் நேர்கோடாக இருக்காது, அதனால் 'முதல்ல ஓரத்தை அடுக்கு' என்ற பாட்டி வைத்தியம் பலிக்காது. இவ்வளவு நேரத்தில் முடிக்கவேண்டும் என்று ஒரு கணக்கும் கொடுப்பார்கள். ஒவ்வொரு புதிரிலும் கடல்குதிரை வடிவத்தில் ஒரு துண்டு, அது அவர்கள் கையெழுத்து. யாரோ ஒருவர் உங்கள் எதிரே உட்கார்ந்து, படத்தைப் பார்த்து, நீங்கள் எங்கே ஏமாறுவீர்கள் என்று யோசித்து அறுத்திருக்கிறார். நீங்கள் ஆடுவது அவரோடு.

இந்த எண்ணத்தை ஒரு நாவலாகவே எழுதியவர் பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெரெக். 1978ல் வந்த 'வாழ்க்கை: பயன்பாட்டுக் கையேடு' நாவலில் பார்ட்டில்பூத் என்ற பணக்காரர் இருபது வருஷம் ஊர் ஊராகப் போய் 500 துறைமுகங்களை நீர்வண்ணத்தில் வரைகிறார். விங்க்ளர் என்ற கைவினைஞர் ஒவ்வொன்றையும் 750 துண்டாக வெட்டி வைக்கிறார். பிறகு பார்ட்டில்பூத் ஊர் திரும்பி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சேர்க்கவேண்டும். 439வது புதிரில் செத்துப்போகிறார். மிச்சமிருக்கும் ஓட்டை எக்ஸ் வடிவம், கையில் இருக்கும் துண்டு டபிள்யூ வடிவம். வெட்டியவர் பெயரின் முதல் எழுத்து! நாவலின் முகப்பில் பெரெக் ஜிக்சாவைப் பற்றி ஒரு சிறு கட்டுரையே வைத்திருக்கிறார். படம் எளிதா கடினமா என்பது பொருட்டே இல்லை, வெட்டுதான் எல்லாம். இயந்திரம் வெட்டிய அட்டைப்புதிரில் விஷயமே கிடையாது என்பது அவர் கட்சி.

பாதி சரி. மீதிப் பாதியில்தான் எனக்குத் தகராறு.

அட்டைப்புதிர் எப்படி வெட்டப்படுகிறது? கல்யாணப் பத்திரிகைக்கும் அட்டைப்பெட்டிக்கும் நம் அச்சகங்களில் செய்கிற அதே டை கட்டிங்தான். கூரான எஃகுப் பட்டைகளை வளைத்துப் பலகையில் பதித்து டை செய்கிறார்கள், அதை அட்டைமேல் வைத்து அழுத்தினால் துண்டு துண்டாக வந்துவிடும். நல்ல நிறுவனங்களில் அந்த எஃகுப் பட்டையை இன்னமும் மனிதர்கள்தான் கையால் வளைக்கிறார்கள். ஆக, வெட்டியவர் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் படத்தைப் பார்த்ததே இல்லை. ஒரே டை இன்றைக்குக் கோட்டையை வெட்டும், நாளைக்கு நாய்க்குட்டியை வெட்டும். டிம் க்ளைன் என்ற அமெரிக்கக் கலைஞர் இதையே பிழைப்பாக்கிவிட்டார். ஒரே டையில் வெட்டிய இரண்டு பழைய புதிர்களை வாங்கி, ஒன்றின் துண்டுகளை மற்றதில் பொருத்தி, இரண்டும் கலந்த விசித்திரமான படங்களை உருவாக்குகிறார். துண்டுகள் பிசிறில்லாமல் உட்காருகின்றன. வெட்டுக்குப் படத்தைப் பற்றி எந்த அக்கறையும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டாம்.

1930களின் பொருளாதாரச் சரிவில் இந்த மலிவு அட்டைப்புதிர்தான் அமெரிக்காவில் வீடு வீடாக நுழைந்தது. பத்திரிகைக் கடையில் 25 சென்ட்டுக்கு வாராவாரம் புதுப்புதிர். இன்று நாம் வாங்குவதும் அதன் வம்சம்தான். பெரெக் இவற்றை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுப் போகிறார். எனக்கு அது மேட்டிமைத்தனமாகப் படுகிறது. எதிரே உட்கார்ந்திருந்த வெட்டுக்காரர் எழுந்து போய்விட்டார், சரி. அந்த நாற்காலியில் இப்போது யார்? படத்தை வரைந்தவர். தன் படம் துண்டாகும் என்று கனவிலும் நினைக்காதவர். அவரோடுதான் இப்போது ஆட்டம்.

அதனால்தான் அழகான படம் என்ற பாராட்டுக்கு இங்கே மதிப்பில்லை. 1000 துண்டுப் புதிர் சுமார் 70 செ.மீ.க்கு 50 செ.மீ. (பல கம்பெனிகளில் 38 வரிசை, 27 வரிசை என்று 1026 துண்டு இருக்கும். 26 துண்டு கொசுறு.) ஒரு துண்டு ஏறக்குறைய 2 செ.மீ. சதுரம். அந்த 2 செ.மீ.க்குள் படம் என்ன சொல்கிறது என்பதுதான் கேள்வி. வெர்மீரின் முத்துக்காதணிப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஓவியமாக அதற்கு நிகரில்லை. புதிராக, முகமும் தலைப்பாகையும் ஒரு ராத்திரியில் முடிந்துவிடும், மிச்சமெல்லாம் இருட்டு. வான்கோவின் 'நட்சத்திர இரவு' (1889) வானமாகத்தான் நிறைந்திருக்கிறது. வானம் என்றாலே புதிர்க்காரர்களுக்குக் குலைநடுக்கம். ஆனால் அந்த வானத்தில் ஒவ்வொரு தீற்றலும் ஒரு திசையில் ஓடுகிறது. துண்டை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கவேண்டும் என்று தீற்றலே சொல்லிவிடும். நாலு நாள் அதைத் தடவித் தடவிச் சேர்த்தபின், அந்தச் சுழலில் எத்தனை நீலம் இருக்கிறது என்பது கைக்கே தெரிந்திருக்கும். கேலண்டரில் நூறு தடவை பார்த்தும் தெரியாதது அது.

என் கணிப்பில் புதிருக்கென்றே பிறந்த ஓவியர் ப்ரூகல். 1560ல் வரைந்த 'குழந்தைகளின் விளையாட்டுகள்', அசல் வியன்னாவில் இருக்கிறது. 200க்கு மேற்பட்ட உருவங்கள். வளையம் உருட்டுகிறார்கள், பச்சைக்குதிரை தாண்டுகிறார்கள், கண்ணைக் கட்டி ஆடுகிறார்கள், பொய்க்கால் கட்டி நடக்கிறார்கள். நடுநாயகம் என்று யாரும் கிடையாது. எந்தத் துண்டை எடுத்தாலும் ஒரு கால், ஒரு தொப்பி, பாதி முகம். இந்தக் கால் எந்த விளையாட்டின் கால் என்று தேடும்போது ஓவியர் கோரிய வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். எட்ட நின்று பார்த்தால் கூட்டம், கிட்டப்போனால்தான் ஆட்டம்.

படமே இல்லாவிட்டால்? ராவென்ஸ்பர்கர் நிறுவனத்தின் 'க்ரிப்ட்' வரிசை அப்படித்தான். ஒரே நிறம், படம் கிடையாது. வெள்ளி நிறப் புதிரில் 654 துண்டுகள். கடினம் என்பதற்காகவே கொண்டாடுகிறார்கள். குமிழ் நாலும் உள்ளது, மூன்று உள்ளது, பக்கத்துப்பக்கத்தில் இரண்டு, எதிரெதிரே இரண்டு, ஒன்று, ஒன்றுமில்லாதது என்று ஆறு குவியலாகப் பிரித்து, ஒவ்வொன்றாக வைத்து வைத்துப் பார்ப்பது. பொறுமைக்கு நல்ல பரீட்சை. ஆனால் அங்கே வெட்டுக்காரரும் இல்லை, ஓவியரும் இல்லை. தனியாக உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குகிற வேலை. கல் பொறுக்கினாலாவது சோறு கிடைக்கும்.

இதோடு ஒப்பிட 1964ல் ஸ்பிரிங்பாக் நிறுவனம் வெளியிட்ட புதிர் ஒன்று இருக்கிறது. ஜாக்சன் பொல்லாக்கின் 'கன்வர்ஜென்ஸ்' (1952) ஓவியம், 340 துண்டுகள், உலகிலேயே கடினமான புதிர் என்ற விளம்பரம். லட்சக்கணக்கில் விற்றதாம். பொல்லாக்கைச் சும்மா பெயிண்டைக் கொட்டியவர் என்று சொல்கிறவர்கள் இதை ஒருதடவை சேர்த்துப் பார்க்கலாம். இதிலும் மரம் இல்லை, வீடு இல்லை. ஆனால் கறுப்பின் மேல் மஞ்சள் ஓடுகிறதா, மஞ்சளின் மேல் வெள்ளை ஓடுகிறதா என்று பார்க்காமல் ஒரு துண்டைக்கூட வைக்கமுடியாது. எது முதலில் விழுந்தது, எது அப்புறம் விழுந்தது என்ற வரிசை மெதுவாகப் புலப்படும். கடினம் என்ற ஒரே சொல்லில் இதையும் க்ரிப்டையும் ஒரே தட்டில் வைக்கிறார்களே, அங்கேதான் விமர்சனம் தவறுகிறது.

துண்டு தவறான இடத்திலும் சரியாக உட்காருவதைப் பற்றி ஒரு வார்த்தை. விமர்சனங்களில் இதை எப்போதும் குறையாகவே எழுதுகிறார்கள். கட்டம் கட்டமாக வெட்டிய அட்டைப்புதிரில் அது குறைதான், டையின் அசட்டை. 'பார்' மாதிரி கைவெட்டில் அதே விஷயம் திட்டமிட்ட வலை. முன்னதில் எரிச்சல் வருகிறது, பின்னதில் சிரிப்பு வருகிறது.

சரி, கடையில் நிற்கும்போது என்ன செய்வது? நான் செய்வது இது. ஒரு விசிட்டிங் கார்டில் 1 செ.மீ. சதுரமாக ஓட்டை போட்டு பர்ஸில் வைத்திருக்கிறேன். 1000 துண்டுப் பெட்டியின் மூடியிலுள்ள படம் பொதுவாக அசலில் பாதி அகலம்தான் இருக்கும், அதனால் 1 செ.மீ. ஓட்டை ஒரு துண்டுக்குச் சமம். கார்டை மூடிமேல் கண்ணை மூடிக்கொண்டு பத்து இடத்தில் வைத்து, ஓட்டை வழியாக மட்டும் பார்க்கவேண்டும். இது படத்தின் எந்த இடம், எது மேல் எது கீழ் என்று சொல்லமுடிகிறதா? ஆறேழு இடத்திலாவது முடிந்தால் வாங்கலாம். பத்துக்குப் பத்தும் முடிந்தால் அதுவும் வேண்டாம், ரெண்டே நாளில் தீர்ந்துவிடும். போன தடவை மோனேயின் அல்லிக்குளத்துக்கு மூன்றுதான் தேறியது. பக்கத்திலேயே ஊர்ப்பெயர்கள் பொடியெழுத்தில் நெருக்கியடித்த பழைய உலக வரைபடம் ஒன்று இருந்தது. எட்டு தேறியது. கடல் மட்டும் கொஞ்சம் படுத்தும் என்று நினைக்கிறேன்.