உடைந்த ஹாக்சா பிளேடு போதும்

கோலாலம்பூர்–கிள்ளான் ரயில் பாதை 1886இல் திறந்தது. அந்தப் பாதையின் பழைய யார்டு இருந்த பிரிக்பீல்ட்ஸில் இன்று கேஎல் சென்ட்ரல் நிற்கிறது. தமிழர் உழைப்பு ஊறிய அந்த ரயில்வேயின் மரப்பலகை வேகன்களை மாடலாகப் பார்க்க ஆசைப்பட்டால் நாமேதான் செய்யவேண்டும். கடைப் பெட்டிகளில் வருபவை பெரும்பாலும் ஜப்பான், ஐரோப்பா வண்டிகள்.

1:87 அளவில் 150 மி.மீ. அகலப் பலகை 1.7 மி.மீ. ஆகிவிடும். இரு பலகைக்கு நடுவே 0.2 மி.மீ. கோடு கீறினால்கூட நிஜ வேகனில் அது 17 மி.மீ. இடைவெளி; விரல் நுழையும். ஆகவே கோடு மெலிசாக வேண்டும், விளிம்பு சுத்தமாக வேண்டும். வீட்டிலேயே செய்யக்கூடிய இரண்டு ஸ்கிரைபர்களை, அதாவது கோடு கீறும் கருவிகளை, 1 மி.மீ. ஸ்டைரீன் தகட்டில் சோதித்தேன்.

முதலாவது, தையல் மெஷின் ஊசி. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா துணிக்கடைப் பக்கம் போகும்போது வாங்கிக்கொள்ளலாம். வீட்டு மெஷின் ஊசியின் தண்டு ஏறக்குறைய 2 மி.மீ.; அதே அளவு கிளட்ச் பென்சிலில் லெட்டுக்குப் பதிலாகச் செருகினால் வேலை முடிந்தது. ஆனால் ஊசி பிளாஸ்டிக்கை வெட்டுவதில்லை, உழுகிறது. ஒதுங்கிய பிளாஸ்டிக் கோட்டின் இரு கரையிலும் வரப்பாக எழும்பி நிற்கும். 1000 நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்தால்தான் சமமாகும்.

இரண்டாவது, உடைந்த ஹாக்சா பிளேடு. எனக்குப் பிடித்தது இதுதான். சுமார் 0.6 மி.மீ. கனமுள்ள பிளேடின் முனையைக் கிரைண்டரில் கொக்கியாகத் தேய்க்கவேண்டும். வெட்டும் முகம் நம்மைப் பார்த்திருக்கட்டும். அதற்குப் பின்பக்கம் சற்று மேலேறி விலகவேண்டும், இல்லையேல் முனை வெட்டாமல் வழுக்கும். பிறகு பக்கங்களை எண்ணெய்க் கல்லில் தேய்த்து நுனியை 0.2 மி.மீ. வரை மெலியவைக்கலாம். கிரைண்டரில் அவசரம் கூடாது. கார்பன் எஃகு சூடேறி நீலம் பாய்ந்தால் அதன் கடினம் போய்விடும். அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

இரும்பு ஸ்கேலை ஒட்டி, அழுத்தாமல், நம் பக்கமாக இழுக்கவேண்டும். முதல் இழுப்பு வழியை மட்டும் போடும். அடுத்தடுத்த இழுப்பில் மெல்லிய வெள்ளைச் சுருள் ஒன்று நுனியிலிருந்து கிளம்பி வரும். பிளாஸ்டிக் ஒதுங்காமல் வெளியேறுகிறது என்று அர்த்தம். கரையில் பிசிறு அநேகமாக இல்லை. நகத்தால் தடவினால் தெரியும். ஹார்ட்வேர் கடை அக்ரிலிக் கட்டரும் இதே கொக்கி முறைதான், ஆனால் தகட்டை உடைப்பதற்காக அது போடும் பள்ளம் பலகைக் கோட்டுக்கு அகலம்.

வளைவுக்கு மட்டும் கொக்கி ஆகாது. அச்சுத்தகட்டைச் சுற்றி வட்ட மூடி வரைய ஊசிதான் வேண்டும். அதனால் இரண்டையும் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. 0.5 மி.மீ. தகட்டில் ஒரு பக்கம் முழுக்க ஊசியால் கீறினால், ஒதுங்கும் பிளாஸ்டிக் மேற்பரப்பைத் தள்ளித் தகட்டையே வளைத்துவிடும். கொக்கியில் இது குறைவு. ஆனாலும் வேகன் பக்கத்துக்கு 1 மி.மீ. தகட்டையே எடுங்கள். 0.5தான் கையில் இருக்கிறதென்றால், கீறியதும் பின்னால் இன்னொரு தகட்டை ஒட்டிவிடுங்கள்.