ஓட்டையும் ஒட்டும்

குண்டசாலையில் மாளிகை அமைத்து வாழ்ந்தமையால் ‘குண்டசாலை அரசன்’ எனப் பெயர்பெற்றவன் கண்டி மன்னன் நரேந்திரசிங்கன் (1707–1739). அவன் ஆண்ட இராச்சியத்துக்குக் காடும் கணவாயும் அந்நியர் அறியாத ஒற்றையடிப் பாதைகளுமே பெருங்காவலாயிருந்தன. ஒல்லாந்தர் 1765இலும் ஆங்கிலேயர் 1803இலும் நகருட் புகுந்தும் நிலைகொள்ள இயலவில்லை. ஆயின், வழியறிந்த பிரதானிகள் சிலர் பகைவரோடு சேர்ந்தபோது, 1815இல், மறைவை நம்பிய அக்காவல் பயனற்றுப்போயிற்று.

இணையத்தளங்களை ஆக்க உதவும் மென்பொருட் சட்டகங்கள் பற்றிய கண்டனங்களை மதிப்பிட இவ்வரலாறு துணைபுரியும். இவற்றுட் பலவற்றின் மூலநிரல் எவரும் படிக்குமாறு வெளியிடப்படுவதால் அவை பாதுகாப்பற்றவை என்பர் ஒருசாரார். இது ஏற்கத்தக்கதன்று. பலர் படிப்பதனாலேயே பல குறைகள் வெளிப்படுகின்றன. அவற்றை அடைக்கும் ஒட்டும் எழுதப்படுகின்றது. மெய்யான இடர் அதன் பின்னரே தொடங்குகின்றது. பழைய நிரலையும் திருத்திய நிரலையும் ஒப்புநோக்கும் பகைவனுக்கு, ஓட்டை இருக்குமிடத்தை ஒட்டே காட்டிக்கொடுத்துவிடுகின்றது.

2014 ஒக்ரோபர் 15இல் ட்ரூப்பல் 7இற்கு வெளியான ஒட்டு இதற்குச் சான்றாகும். பார்வையாளர் உள்ளிடும் சொற்கள் தரவுத்தளத்துக்கான கட்டளைகளாக மாறாது தடுக்கவென அமைத்த பகுதியிலேயே குறை இருந்தது. ஒட்டு வெளியாகி ஏழு மணி நேரத்துள் அதனை இடாத தளங்கள் யாவும் பகைவர் கைப்பட்டனவாகவே கருதப்படல் வேண்டும் என அதனை ஆக்கியோரே பின்னர் அறிவித்தனர். அப்பாச்சி ஸ்ற்றட்ஸ் சட்டகத்தின் குறைக்கு 2017 மார்ச்சில் ஒட்டு வந்தது. அதனை இடத் தவறிய ஈக்குவிபக்ஸ் நிறுவனத்துள் மே மாதத்திற் புகுந்தோர் ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் மக்களின் விபரங்களைக் கவர்ந்தனர்.

இலங்கையின் அனுபவமும் வேறன்று. 2023 ஓகஸ்டில் அரச மின்னஞ்சற் சேவை தாக்கப்பட்டு, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் இழக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிப்புற்றன. அங்கு இயங்கிய மைக்ரோசொப்ற் எக்ஸ்சேஞ்ச் 2013இற்கு ஒட்டு வழங்குவது அவ்வாண்டு ஏப்ரலிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. 2021 முதல் எண்ணியிருந்த மாற்றம் நிதிக் குறைவாலும் நிருவாகத் தீர்மானங்களாலும் தாமதமாயிற்று என்பதே தரப்பட்ட விளக்கம். அம்மென்பொருள் மூலநிரல் மறைக்கப்பட்ட ஒன்று என்பதும் மனங்கொள்ளத்தக்கது. மறைவும் அதனைக் காக்கவில்லை.

ஒட்டு இடுவதனால் இயங்கிக்கொண்டிருக்கும் தளம் குலைவதுமுண்டு. எனவே தாமதமெல்லாம் சோம்பலன்று. சோதித்துப் பார்க்க ஆளும் காலமும் வேண்டும். ஆக்குதற்குப் பணம் ஒதுக்கிவிட்டுப் பேணுதற்கு ஒதுக்காத திட்டத்தில் அவை கிட்டுவதில்லை. ஆதலின் குற்றத்தைச் சட்டகத்தின்மேற் சுமத்துவோர், அதனைப் பேணும் பொறுப்பு எவரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதை முதலில் வினவுதல் வேண்டும். திறப்புவிழாவோடு ஒரு தளத்தின் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதைப் பல்கலைக்கழகங்களின் கணினிப் பாடங்களும் வலியுறுத்துதல் தகும்.