பிளாற்றினப் படங்களிற் குளிர்நிறம்: உருவம் பற்றிய ஒரு விசாரணை

உள்ளடக்கம், உருவம் என்பன பற்றிய விவாதம் நமது விமர்சன உலகிற் பெரும்பாலும் இலக்கியத்தை மையமாகக் கொண்டே நடந்துவந்துள்ளது. நிழற்படத்தைப் பற்றிப் பேச நேரும்போது அதில் இடம்பெறும் மனிதரையும் காட்சியையும் மட்டுமே நாம் நோக்குகின்றோம். மூலப்படங்களன்றி நூல்களில் வெளிவரும் அச்சுப் பிரதிகளே நமது கைக்கு எட்டுவன என்பதும் இதற்கொரு காரணமாகும். அப்பிரதிகளில் மூலத்தின் நிறச்சாயல் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றது. எனினும் பிளாற்றின முறையிற் பதித்த படமொன்றின் சாயல் எவ்வாறு வந்தது என்னும் வினா, வெறும் தொழில்நுட்ப வினா அன்று.

வில்லியம் வில்லிஸ் என்னும் ஆங்கிலேயர் 1873 இல் உரிமம் பெற்ற இம்முறையில், இரும்பு ஒட்சலேற்றும் பிளாற்றின உப்பும் சேர்ந்து செயற்படுகின்றன. ஒளிபட்ட இரும்பு உப்பு, பொற்றாசியம் ஒட்சலேற்றுக் கரைசலிற் பிளாற்றின உப்பை உலோகமாக மாற்றுகின்றது. ஜெலற்றின் படலம் எதுவுமின்றி உலோகத் துணிக்கைகள் தாளின் நார்களிடையே தங்குகின்றன. அத்துணிக்கைகளின் பருமனே சாயலைப் பெரிதும் நிர்ணயிக்கின்றது: மிக நுண்ணியவை கபிலமாகத் தோன்றும், பெரியவை நடுநிலைக் கருமையை நோக்கிச் செல்லும். கரைசலைச் சூடாக்கினாற் படம் கபிலமாகும். குளிர்ந்த கரைசலில் அது குளிர்ச்சாயல் பெறும்.

இக்குளிர்நிறத்தைக் கலைஞனின் உள்ளத்துப் பற்றின்மையாகவும், கபிலத்தை அவனது கனிவாகவும் விளக்குவோர் உளர். நாம் இதனை ஏற்பதற்கில்லை. பீற்றர் ஹென்றி எமேர்சன் 1886 இல் நோர்போக் நீர்நிலைப் பகுதி மக்களின் வாழ்வை 40 பிளாற்றினப் படங்களாக நூலாக்கினார். நாணல் வெட்டுவோரின் கடின உழைப்பு அங்கே மென்மையான சாம்பற் சாயலில் அமைதி கொள்கின்றது. அந்நூலை விலைகொடுத்து வாங்கியோர் நாணல் வெட்டுவோர் அல்லர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1915 இல் போல் ஸ்ராண்ட் நியூயோர்க்கின் வோல் ஸ்ரீற்றிற் பதிவுசெய்த படமும் பிளாற்றினத்திலேயே அமைந்தது. மோர்கன் வங்கிக் கட்டடத்தின் பிரமாண்டமான இருட்குழிகளின் கீழ், நீண்ட நிழல்களை இழுத்தவண்ணம் சிறு உருவங்களாய் மனிதர் செல்கின்றனர். பிளாற்றினத்தின் கருமை பளபளப்பற்றது. தாளுக்குள் ஆழ்ந்து கிடப்பது. மூலதனத்தின் பாரத்தை அக்கருமை உணர்த்துகின்றது என்றே கொள்கின்றோம். ஒரே உலோகம் ஓரிடத்தில் உழைப்பை மறைக்கவும் பிறிதோரிடத்தில் ஆதிக்கத்தைக் காட்டவும் பயன்பட்டிருக்கின்றதெனின், சாயலுக்குத் தனித்த பொருள் எதுவுமில்லை. அதே வேளை, உருவத்தை வெறும் அலங்காரமாக ஒதுக்கும் நம்மவர் சிலரும் இவ்விடத்திற் சற்று நிதானித்தல் நன்று. ஸ்ராண்டின் படத்தை வேறு சாயலிற் பதித்தால் அது அதே படமாக இராது.

முதலாம் உலகப் போர் இவ்விடயத்திற் குறுக்கிட்டது. பிளாற்றினத்தின் பெரும்பகுதி ரஷ்யாவின் யூரல் மலைப்பகுதியிலிருந்தே அதுவரை கிடைத்துவந்தது. வெடிபொருள்களுக்கு வேண்டிய நைத்திரிக்கமிலத்தை ஆக்கும் ஊக்கியாக அவ்வுலோகம் போர்த்தொழிலுக்குச் சென்றது, விலை ஏறியது, தாள் அருகியது. தேவாலய உட்புறங்களைப் பிளாற்றினத்திற் பதித்துப் புகழ்பெற்ற பிரெடெரிக் எவன்ஸ் படம் எடுப்பதையே கைவிட்டார். வில்லிஸின் நிறுவனம் மாற்றாகப் பல்லேடியத் தாளைக் கொணர்ந்தது. ஆனால் பல்லேடியம் இயல்பாகவே கபிலத்தை நாடுவது. ஆகவே அக்காலப் படங்கள் பலவற்றின் வெம்மைச் சாயலைக் கனிவின் அடையாளமாகக் காண்போர், போர்க்களத்துக்குச் சென்ற உலோகத்தையும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

பல்லேடியத்தைக் குளிர்விக்கும் வழிகள் பிற்காலத்திற் பெருகின. பொற்றாசியம் ஒட்சலேற்றுக்குப் பதிலாக அமோனியம் சித்திரேற்றுக் கரைசலைப் பயன்படுத்தலாம். பூச்சில் ஒரு பங்கு பிளாற்றின உப்பைக் கலக்கலாம். சிறிது பொன் குளோரைட்டுச் சேர்க்கலாம். ஒளிபடுமுன் தாளில் ஈரப்பதன் மிகுந்திருத்தலும் துணைசெய்யும். எலும்பாக உலர்ந்த தாள் கபிலத்தையே தரும். 1980களில் மைக் வெயர், பிரதீப் மால்டே ஆகியோர் அமோனியம் இரும்பு ஒட்சலேற்றைக் கொண்டு இவ்வீரப்பதனையே சாயலை ஆளும் கருவியாக்கினர். இன்று இம்முறையைக் கையாள்வோர் விரும்பிய சாயலைத் தெரிந்தெடுக்க முடிகின்றது. ஆயினும் சந்தை அவர்களை விட்டுவிடவில்லை. வாகனப் புகைக் குழாய்களின் ஊக்கிகளுக்குத் தேவைப்பட்டமையால், மலிவு மாற்றாக வந்த பல்லேடியம் 2017 இற் பிளாற்றினத்தின் விலையை மிஞ்சியது. தொடர்ந்து பல ஆண்டுகள் கபிலச் சாயலே விலைகூடியதாயிற்று.