பேரிங்கின் ஆயுசு

ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சுழல்வதைப் பார்த்தால் எனக்கு உள்ளே உழைக்கும் பேரிங்தான் நினைவுக்கு வரும். அதற்கு ஜாதகம் கணித்தவர்கள் ஸ்வீடனின் லுண்ட்பெர்க்கும் பால்ம்கிரெனும்; ஆண்டு 1947. ஒரே சுமையில் ஓடும் 100 பேரிங்கில் 90 தாண்டிவிடும் சுற்றுக் கணக்கே ஆயுள். குறிப்பிட்ட ஒரு பேரிங் என்றைக்குப் போகும் என்று அது சொல்லாது. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

பால் பேரிங்கில் சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒன்று! பெல்ட்டை விறைப்பாக இழுத்து மாட்டும்போது இதை நினைக்க வேண்டும். தூசியும் காய்ந்த கிரீஸும் இன்னும் குறைக்கும். அதனால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் கிணற்று மோட்டார் பார்க்கும் மெக்கானிக், திருப்புளி முனையை மோட்டாரில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்கிறார். சீரான ரீங்காரம் என்றால் ஓடட்டும். கரகரத்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.