சிறுவர் பாடலிற் செய்ந்நன்றி

நன்றி மறவாமை தமிழ்ச் சிறார் முதன்முதற் கற்கும் அறங்களுள் ஒன்று. ஆத்திசூடி அதனை ஏவலாகக் கூறும். மூதுரை உவமை கொண்டு விளக்கும். ஏவல் நாவிற் பதிதல் எளிது. நெஞ்சிற் பதிவதற்குக் காட்சி வேண்டும். ஓவியத்தோடு கூடிய சிறுவர் பாடல் நூல்கள் விரும்பப்படுதற்கு இதுவே காரணம். ஆயினும் எல்லாப் பாடலும் ஓவியத்துக்கு இடங்கொடுப்பதில்லை.

மூதுரையின் முதற் செய்யுளை நோக்குக. வேரில் வார்த்த நீரைத் தென்னை பிற்காலத்தில் இளநீராக மீட்டுத் தருதலே ஆங்கு உவமை. குடமேந்திய சிறுவனையும் காய்த்த தென்னையையும் ஒரே படத்தில் எழுதினால், காலையில் வார்த்த நீருக்கு மாலையிற் கைம்மாறு கிடைத்ததுபோலத் தோன்றும். பயன் வருங்காலத்தை எண்ணி ஐயுற வேண்டா என்பதன்றோ செய்யுளின் உயிர்? அந்நெடுங்காலம் படத்தில் மறைந்துவிடுகின்றது. இன்னுமொன்று: அச்செய்யுள் உதவி செய்தவனை நோக்கிக் கூறப்பட்டது; பெற்றவனை நோக்கியதன்று. நன்றியறிவது ஆங்கு மரமே. இதனை விளக்காது மனனஞ் செய்விப்பின், நன்றியறியக் கற்க வேண்டிய சிறுவன் கைம்மாற்றை எதிர்பார்க்கவே கற்றுவிடுவான்.

பெற்றவன் உள்ளத்தைக் காட்டுவது திருக்குறளின் 104ஆம் பாட்டு. தினையளவினதாகிய உதவியையும் அதன் பயன் தெரிவார் பனையளவினதாகக் கொள்வர் என்னும் அக்கருத்து ஓவியனுக்கு உவப்பானது. மன்னார்த் தீவின் சிறுவனுக்கோ பனை நாள்தோறுங் காணும் அளவுகோல். தினையைத்தான் படத்திற் காட்டல் வேண்டும்.

1935இல் வட இலங்கைத் தமிழாசிரியர் சங்கம் ‘பிள்ளைப் பாட்டு’ என்னுந் தொகுதியை வெளியிட்டது. ஈழத்துச் சிறுவர் பாடலுக்குத் தனியிடம் தேடித் தந்த முயற்சி அது. அவ்வகைப் பாடலிற் சிறந்து விளங்கியவர் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953). அவருடைய ஆடிப்பிறப்புப் பாடலில் நன்றி என்னும் பேச்சே இல்லை. பயறு வறுத்தலும், அரிசி இடித்தலும், தேங்காய் துருவலும், பனங்கட்டி கூட்டிக் கூழ் துழாவலும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. உண்பதன் பின்னே எத்தனை உழைப்பு உண்டென்பதைக் குழந்தை கண்டுவிடுகின்றது. பலாவிலை பொறுக்கி மடிக்கும் வேலை குழந்தைகளுடையது. எனவே அவர்கள் வாளா இருந்து பெறுபவரல்லர். விளக்கேற்றிப் படைத்தலும் அப்பாடலில் உண்டு. படைத்து உண்ணும் அம்முறையே நன்றியாகின்றது. அறவுரை கூறும் பாடல்கள் பல இதன்முன் நில்லா.

இப்பாடலை மன்னார்ச் சிறாருக்கு ஓவியமாக்குவோர் அடுக்களையோடு நின்றுவிடலாகாது. பனங்கட்டிக்கு அவ்வூர்ப் பனையே உண்டு. அரிசிக்கோ மாந்தை வயலும், அதற்கு நீர் தரும் கட்டுக்கரைக் குளமும், அக்குளத்துக்கு அருவியாற்று நீரைத் திருப்பும் தேக்கம் அணையும் வேண்டும். கூழ்ப்பானையிலிருந்து ஆறுவரை பின்னோக்கிச் செல்லும் நாலைந்து படங்கள் போதும். தென்னைப் படத்தில் மறைந்த காலம் இவற்றில் வெளிப்படும். ஏனெனில் ஆடிக் கூழில் இட்ட அரிசி முன்சென்ற மாரியில் விளைந்தது.